மசூதித் தெருவில் ஓரணா

'அக்னிச் சிறகுகள்' உங்கள் வீட்டு அலமாரியிலும் இருக்கும். யாராவது பரிசாகக் கொடுத்திருப்பார்கள். நடுவில் ராக்கெட் எரிபொருள் வந்ததும் மூடி வைத்திருப்பீர்கள். பரவாயில்லை. புத்தகத்தின் சிறந்த பகுதி அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

அருண் திவாரியுடன் சேர்ந்து அப்துல் கலாம் எழுதி, ஆங்கிலத்தில் 1999-ல் வந்த சுயசரிதை. இதன் ஆரம்பப் பக்கங்களை ராமேஸ்வரம் மசூதித் தெருவின் சரித்திரமாகப் படித்துப் பாருங்களேன்.

ராமேஸ்வரம் என்றால் நமக்குக் கோயில், பிராகாரம், சேதுபதி. குடியிருந்தவர்களின் தெரு எங்கே? இங்கே இருக்கிறது. சுண்ணாம்பும் செங்கல்லும் வைத்துக் கட்டிய பழைய வீடு. பத்து நிமிஷ நடையில் சிவன் கோயில். யுத்த காலத்தில் புளியங்கொட்டைக்குத் திடீர் கிராக்கி. பொறுக்கித் தெருக் கடையில் போட்டால் ஒரு நாளைக்கு ஓரணா. ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனதால் பேப்பர் கட்டுகளை ஓடும் ரயிலிலிருந்து வீசுகிறார்கள். அதைப் பிடிக்க ஏஜென்ட் சம்சுதீனுக்கு ஆள் தேவை. கலாமின் முதல் சம்பளம் அப்படி வந்ததுதான்.

மத நல்லிணக்கம் என்று மேடையில் முழங்குகிறோமே, அது இந்தத் தெருவில் வேலையாக நடந்தது. சீதாராம கல்யாணத்துக்கு ராமதீர்த்தத்தில் சுவாமியைக் கொண்டுபோகப் படகு ஏற்பாடு செய்வது கலாம் குடும்பம். புதிதாக வந்த வாத்தியார், கோயில் அர்ச்சகர் மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கலாமைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்ப, அர்ச்சகர் லட்சுமண சாஸ்திரி அவரைக் கூப்பிட்டு, 'மன்னிப்புக் கேள், இல்லை ஊரை விட்டுப் போ' என்கிற தோரணையில் கண்டித்தார். ஒற்றுமை தானாக இருந்துவிடவில்லை. யாரோ ஒருவர் எழுந்து கேட்க வேண்டியிருந்தது.

என் குறை இதுதான்: பையன் மேல்படிப்புக்கு ராமநாதபுரம் போனதும் தெரு மெல்ல மறைந்துவிடுகிறது. எம்.ஐ.டி.யில் சேர நகையை அடகு வைத்த அக்கா ஜோஹராவுக்குச் சில வரிகள்தான். சம்சுதீனுக்குத் தனி அத்தியாயமே கொடுத்திருக்கலாம்.

கலாம் 2015-ல் மறைந்தார். அந்த வீடு இப்போது காட்சியகம். யாத்ரீகர்கள் வரிசையில் நின்று பார்க்கிறார்கள். ஒருவருடைய வீட்டைக் காப்பாற்றிவிட்டோம், நல்லது. சுற்றியிருந்தவர்களைக் காப்பாற்றக் காகிதம்தான் உண்டு. உங்கள் தெருவில் பேப்பர் போட்டவர், மளிகைக் கடைக்காரர், சண்டையை விலக்கிய பெரியவர் - ஞாபகமிருக்கும்போதே நாலு பக்கம் எழுதி வையுங்கள். அந்தத் தெருவில் ஜனாதிபதி பிறந்திருக்க வேண்டிய அவசியமில்லை.