சர்க்கரைத் தண்ணீரும் ஒரு வெள்ளைத் தாளும்

பார்த்தால் வடிதாள் மாதிரி இருக்கும், வட்டமாக வெட்டிய வெள்ளைச் சவ்வு. அதன் நுண்துளைகளுக்குள் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியைக் குடியேற்றிவிட்டால் வடிகட்டியே ஒரு குட்டித் தொழிற்சாலை ஆகிவிடுகிறது.

அமெரிக்காவின் கென்டகி பல்கலைக்கழகத்தில் திபாகர் பட்டாச்சார்யாவின் குழு 2011-இல் வெளியிட்ட அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சவ்வுகள். முதல் சவ்வில் நொதி, குளுக்கோஸையும் ஆக்சிஜனையும் கொண்டு ஹைட்ரஜன் பெராக்சைடு தயாரிக்கிறது. இரண்டாவதில் இருக்கும் இரும்பு அந்தப் பெராக்சைடை உடைக்க, அதில் பிறக்கும் தனி உறுப்புகள் (free radicals) நீரில் கலந்த குளோரோஃபீனால் நச்சைச் சிதைக்கின்றன. நொதி நிற்பதோ வெறும் மின்னேற்ற ஈர்ப்பில். வீரியம் குறைந்ததைக் கழுவிவிட்டுப் புதிதாக ஏற்றிக்கொள்ளலாம்.

கோடை விடுமுறையில் ஆய்வுக்கூடத்துக்கு வரும் இளநிலை மாணவருக்கு அந்த முதல் சவ்வு மாதிரி ஒன்று அருமையான வாத்தியார். அழுத்தத்தைக் கூட்டினால் தண்ணீர் மளமளவென இறங்கும். குளுக்கோஸில் பெரும்பகுதி நொதியைத் தொடாமலே தப்பிவிடும். குறைத்தால் வினை நன்றாக நடக்கும். தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். வடிந்த நீரில் டைட்டானியம் கரைசலைச் சேர்த்ததும் மஞ்சள் ஏறுகிறது. நிறம் அடர்ந்தால் பெராக்சைடு அதிகம். வகுப்பில் சமன்பாடாக மனப்பாடம் செய்த ‘தங்கும் நேரம்’, அதாவது தண்ணீர் சவ்வுக்குள் இருக்கும் நேரம், இங்கே அழுத்தத்தை மாற்றும் ஒரு திருகைத் திருப்பினால் நிறம் மாறிக் கண்ணுக்குத் தெரிகிறது. வேதிப் பொறியியலின் பாதி சாமர்த்தியம் அந்தத் திருகை எங்கே நிறுத்துவது என்பதில்தான் இருக்கிறது.