திருக்கை மீனும் தண்ணீர் கேனும்

தருமபுரம் என்றால் மயிலாடுதுறையில் ஆதீனம் இருக்கும் ஊர்தான் பலருக்கு ஞாபகம் வரும். நான் சொல்வது காரைக்காலை ஒட்டியிருக்கும் தருமபுரம். பாடல் பெற்ற தலம். சுவாமி பெயர் யாழ்மூரிநாதர். ஞானசம்பந்தர் இங்கே பாடிய பதிகத்தை யாழில் அடக்க முடியாமல், திருநீலகண்ட யாழ்ப்பாணர் கருவியையே உடைக்கப் போனார், சம்பந்தர் தடுத்தார் என்பது தலக் கதை. இதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

இந்த ஊரில் தூரிகையோடு உட்கார்ந்தால் எதை வரைவீர்கள்? கோபுரம், குளம், தென்னை என்றுதான் கை போகும். சமையலறைப் பக்கம் திரும்ப மாட்டீர்கள். 'சட்டி பானையில என்ன சார் இருக்கு?'

நம்மிடம் ஸ்டில் லைஃப் என்பது பரீட்சைச் சமாசாரம். ஒரு பானை, மடிப்பு விழுந்த துணி, ரெண்டு பழம். மார்க் வாங்கியதும் மறந்துவிடலாம். இந்த இளக்காரம் நம்முடைய கண்டுபிடிப்பு அல்ல. 1667-லேயே ஃபெலிபியன் என்கிற பிரெஞ்சுக்காரர் ஓவியர்களுக்கு ஜாதி பிரித்துவிட்டார். புராணமும் சரித்திரமும் வரைகிறவர் உச்சியில், பழமும் பூவும் வரைகிறவர் கடைசிப் படியில். பிரெஞ்சு மொழியில் இந்த வகை ஓவியத்துக்குப் பெயரே 'செத்த இயற்கை'.

அந்தக் கடைசிப் படியில் நின்றுகொண்டே 1728-ல் பாரிஸ் அகாதமிக்குள் நுழைந்தவர் ஷார்தான். அவரை உள்ளே அழைத்துப் போன படங்களில் ஒன்று என்ன தெரியுமா? திருக்கை மீன்! காரைக்காலுக்கு பிரெஞ்சுக்காரர்கள் வந்தது 1739-ல். அதற்குப் பதினோரு வருஷம் முன்பே, நம் கடற்கரையில் கூறு கட்டி விற்கும் மீன் அவர்கள் ஊர் ஓவியத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வயிறு கீறிய திருக்கை ஒன்று கொக்கியில். இந்தப் பக்கம் சிப்பிகள் மேல் முதுகை வளைத்து நிற்கும் பூனை. அந்தப் பக்கம் ஜாடி, செம்புப் பாத்திரம், கத்தி. அவ்வளவுதான். இன்றைக்கும் லூவர் மியூசியத்தில் அதன் முன்னால் கூட்டம் நிற்கிறது.

திருக்கையைத் திருப்பிப் போட்டுப் பார்த்திருந்தால் உங்களுக்குத் தெரியும். அடிப்பக்கம் மூக்குத் துளைகளும் வாயும் சேர்ந்து ஒரு முகம் மாதிரி இருக்கும். கண் மேல்பக்கம் என்பது மறந்தே போகும். ஷார்தான் வரைந்தது அந்த அடிப்பக்கத்தை. செத்த மீன் உங்களைப் பார்த்துச் சிரிக்கிறதா, அழுகிறதா என்று சொல்ல முடியாது. சுமார் 1924-ல் சூட்டின் என்ற ஓவியர் அதே ஷார்தானை மனசில் வைத்துக்கொண்டு மறுபடி திருக்கையை வரைந்தார். இவருடைய மீன் அலறுகிறது. வண்ணம் குழம்பு மாதிரி கொதிக்கிறது. மீன் ஒன்றுதான். முதல் படத்தில் அமைதி, இரண்டாவதில் வேதனை. இந்த வித்தியாசத்தைத்தான் 'உணர்வை வெளிப்படுத்துகிற' ஓவியம் என்கிறோம். அது பொருளில் இல்லை. எதை முன்னால் இழுப்பது, எதை இருட்டில் விடுவது என்ற தீர்மானத்தில் இருக்கிறது.

நம் பக்கம் வருவோம். கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்த இளையராஜாவின் ஓவியங்களைப் (இசைஞானி அல்ல) பார்த்திருப்பீர்கள். கதவோரம், ஜன்னலோரம் நிற்கும் கிராமத்துப் பெண்கள். 2021-ல் கொரோனா அவரைக் கொண்டு போய்விட்டது. அவர் படங்களுக்கு நாம் தந்த பெரிய பாராட்டு: 'அப்படியே போட்டோ மாதிரி இருக்கு!' இதைவிட அநியாயமான பாராட்டு கிடையாது. முகத்தை விட்டுவிட்டு, அந்தச் சுவரையும் மரக்கதவையும் அதில் விழும் வெயிலையும் மட்டும் பாருங்கள். நிலைவாசலில் எத்தனை கைகள் பட்டிருக்கும் என்று வெயில் சொல்லும். அவரிடம் நான் கற்றுக்கொள்ளச் சொல்வது அந்த வெயிலைத்தான். ஆனால் அவர் பின்னால் வந்த பலர் எடுத்துக்கொண்டது போட்டோவை.

இன்னொரு புகாரும் உண்டு. நம் கண்காட்சிகளில் ஸ்டில் லைஃப் என்று மாட்டினால் அரிக்கேன் விளக்கு, அம்மி, ஆட்டுக்கல், முறம். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வரைந்தவர் வீட்டில் மிக்ஸிதான் ஓடுகிறது! இது சுற்றுப்புறத்தைப் பார்த்து வரைந்தது இல்லை, ஏக்கத்தைப் பார்த்து வரைந்தது. ஷார்தான் வரைந்த செம்புப் பாத்திரம் அன்றைக்குப் பழம்பொருள் அல்ல. அன்று காலை கழுவிக் கவிழ்த்தது. அந்தக் கணக்கில் இன்றைக்குத் தருமபுரத்து ஷார்தான் வரைய வேண்டியது இருபது லிட்டர் தண்ணீர் கேன், விசில் தேய்ந்த குக்கர், கைப்பிடி உடைந்த பச்சை பிளாஸ்டிக் குடம், மருந்துச் சீட்டு செருகிய காலண்டர். 'இதெல்லாம் ஒரு அழகா?' என்பீர்கள். திருக்கை மட்டும் அழகா?

ஒரே பொருளை எத்தனை தடவை வரைவது என்றும் கேட்பார்கள். இத்தாலியில் பொலோன்யா நகரத்தில் மொராந்தி (1890–1964) பாட்டில்களையும் குவளைகளையுமே பல பத்து வருஷம் வரைந்தார். லேபிளைக் கழற்றினார், தூசி படிய விட்டார், ஒரு பாட்டிலை ஒரு அங்குலம் நகர்த்தி மறுபடி வரைந்தார். சலிப்பு அவருக்கும் இல்லை, பார்க்கிற நமக்கும் இல்லை.

இப்போது அந்த யாழ். கருவியில் அடங்கியதோடு சம்பந்தர் நிறுத்திக்கொண்டிருந்தால் அந்த ஊர்ச் சுவாமிக்கு யாழ்மூரிநாதர் என்ற பெயர் வந்திருக்காது. இன்றைக்கு நம் எல்லார் பாக்கெட்டிலும் ஒரு யாழ் இருக்கிறது. செல்போன் கேமரா. குடத்தின் பச்சையை அது நொடியில் பிடித்துவிடும். அந்தக் குடத்தோடு குழாயடியில் நின்ற அரை மணி நேரத்தை அதனிடம் கேட்டால் விழிக்கும். அது உங்கள் வேலை.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உங்கள் சமையல் மேடை எதிரே உட்காருங்கள். எதையும் ஒழுங்குபடுத்தாதீர்கள். வீட்டில் திட்டினால் ஷார்தான் பெயரைச் சொல்லுங்கள்.