அரைத்தது யார்?

இயற்கை உணவு பற்றித் தமிழில் வரும் புத்தகங்கள் பலவற்றில் பெண்களுக்கென்று ஒரு வாக்குறுதி இருக்கும். அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம். புகை இல்லை, வியர்வை இல்லை, கரிபிடித்த பாத்திரம் இல்லை. மிச்சமாகும் நேரமெல்லாம் உங்களுக்கே. ‘அடுப்பில்லாச் சமையல்’ என்ற பெயரே அந்த வாக்குறுதிதான்.

எங்கள் வீட்டுக்கு இது அப்பாவின் சர்க்கரை நோயோடு வந்தது. ஐந்து நாள் முகாம் ஒன்றுக்குப் போய்த் திரும்பியவர், இனிமேல் சமைத்ததைத் தொடுவதில்லை என்றார். காலையில் வெறும் வயிற்றில் அருகம்புல் சாறு. எட்டரைக்கு முளைகட்டிய பச்சைப்பயறு, தேங்காய்த் துருவலோடு. மதியம் வெள்ளரி, கேரட், வெண்பூசணி. மாலையில் ஊறவைத்த நிலக்கடலை. அவருக்குச் சர்க்கரை குறைந்தது, எடையும் குறைந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. வருகிறவர்கள் எல்லோரும் அவருடைய வைராக்கியத்தைப் பாராட்டினார்கள்.

அருகம்புல்லை மண் போக நாலு தண்ணீரில் அலசி, வேரும் பழுத்த தாளும் கிள்ளி, அரைத்து, துணியில் வடிகட்டிக் கொடுக்க அம்மாவுக்கு அரை மணி நேரம் ஆனது. பயறை முதல் நாள் காலையில் ஊறப்போட்டு, இரவில் வடித்து, ஈரத்துணியில் கட்டி, வெயில் காலத்தில் ஊசிப்போகாமல் நடுவில் ஒருமுறை அலச வேண்டும். தேங்காய் உடைத்துத் துருவ வேண்டும். மற்ற நான்கு பேருக்கு வழக்கம்போல இட்லியும் குழம்பும் ஆக வேண்டும். ஒரு சமையலறை இரண்டானது. “அடுப்பு இல்லேன்னா வேலை இல்லேன்னு யாரு சொன்னா?” என்று அம்மா ஒருமுறை கேட்டாள். அதற்கு யாரும் பதில் சொன்னதாக நினைவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது.

இந்தியாவில் சமைக்காத உணவைப் பெண் விடுதலையோடு சேர்த்துப் பேசியவர்களில் முக்கியமானவர் காந்தி. இந்தச் சோதனையில் அவருக்கு நீண்ட ஈடுபாடு உண்டு. 1893இல் தென்னாப்பிரிக்கா போன புதிதில் பிரிட்டோரியாவில் சில நாட்கள் பச்சைத் தானியமும் கொட்டைகளும் பழமும் மட்டும் சாப்பிட்டுப் பார்த்து, உடம்பு தாங்காமல் கைவிட்டார். அதைப் பற்றி அடுத்த ஆண்டு லண்டனின் ‘தி வெஜிடேரியன்’ இதழில் எழுதினார். 1929இல் மறுபடியும் தொடங்கினார். அந்த ஆண்டு ஜூனில் ‘யங் இந்தியா’வில் தீயில் வைக்காத உணவு பற்றி எழுதியபோது, இந்தச் சோதனை வென்றால் மகிழ்ச்சியும் தராமல் நோயையும் கொண்டுவருகிற ஓயாத உழைப்பிலிருந்து பெண்கள் விடுபடுவார்கள் என்ற கருத்தைச் சொன்னார்.

இது சாதாரண விஷயமல்ல. அடுப்படி வேலையைப் பெண்ணின் தர்மம், அன்னபூரணியின் அருள் என்றெல்லாம் போற்றிய காலத்தில், அதைச் சலிப்பூட்டும் பாரம் என்று ஒருவர் வெளிப்படையாக எழுதினார். நோய் என்றதும் உண்மை. விறகுப் புகையில் இருமி இருமிப் போன நம் பாட்டிகளைக் கேட்டால் தெரியும். அந்தப் புகைக்கு மாற்றாக எரிவாயு இணைப்பு தரும் உஜ்வலா திட்டமே 2016இல்தான் வந்தது.

ஆனால் அதே கட்டுரையில் அவர் தரும் உணவுப் பட்டியலை ஒரு பெண் வாசகராகப் படித்துப் பாருங்கள். முளைகட்டிய கோதுமை 8 தோலா. விழுதாக்கப்பட்ட பாதாம் 8 தோலா. இடித்து நசுக்கப்பட்ட கீரை 8 தோலா. அதோடு எலுமிச்சையும் தேனும். ஒரு தோலா ஏறக்குறைய 12 கிராம். அளவு துல்லியமாக இருக்கிறது. வேலை செய்தவர் இல்லை. ‘விழுதாக்கப்பட்ட’, ‘நசுக்கப்பட்ட’. இலக்கணத்தில் செயப்பாட்டு வினை என்போமே, அதுதான். யாரால் விழுதாக்கப்பட்டது? பாதாமை ஊறவைத்துத் தோலுரித்தது யார்? கீரையை ஆய்ந்தது யார்?

அரைத்தவர் ஒரு பெண்தான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. காந்தியின் ஆசிரமங்களில் ஆண்களும் சமையலறை வேலை செய்தார்கள். அது அவர் வகுத்த ஒழுங்கு. என் கேள்வி வாக்கியத்தைப் பற்றியது. பெண்ணை வேலையிலிருந்து விடுவிக்கும் என்று சொல்லும் ஒரு பிரதியிலேயே வேலை செய்கிற கை மறைந்துவிடுகிறது. நெருப்பு மட்டும்தான் உழைப்பு என்று எடுத்துக்கொண்டால், நெருப்பை அணைத்ததும் உழைப்பும் அணைந்துவிட்டதாகத் தோன்றும். கழுவுவது, கிள்ளுவது, துருவுவது, ஊறப்போட நினைவு வைத்துக்கொள்வது எல்லாம் கணக்கில் வராது. இன்றைய இயற்கை உணவுப் புத்தகங்களின் செய்முறைகளும் இதேபோலக் கையை மறைத்துத்தான் எழுதப்படுகின்றன: ‘துருவிய தேங்காய் ஒரு கப்’, ‘முளைகட்டிய பயறு இரண்டு கப்’. தேங்காய் துருவியபடியே மரத்திலிருந்து விழுவதுபோல.

2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டாருக்காகச் சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டார்கள். அப்படி ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடங்கள். இந்த இடைவெளி அடுப்பின் சூட்டால் உண்டானதல்ல. ஆகவே அடுப்பு அணைந்தால் தானாகவே மூடிக்கொள்ளவும் போவதில்லை.

வேலை ஒரு பக்கம், உடம்பு இன்னொரு பக்கம். விடுதியில் தங்கி முதுகலை படித்தபோது, அப்பாவைப் பார்த்து நானும் தொடங்கினேன். ஐந்து மாதம் பழமும் பயறும் காய்கறியும். “எப்படிடீ இப்படி மெலிஞ்சே?” என்று தோழிகள் கேட்கக் கேட்க உற்சாகம் கூடியது. மூன்றாம் மாதம் மாதவிடாய் வரவில்லை. நான்காம் மாதமும் இல்லை. இந்த முறையில் பல ஆண்டுகள் இருந்த ஒருவரிடம் கேட்டேன். “நல்லதும்மா. அது உடம்புக் கழிவுதானே. உடம்பு சுத்தமாயிட்டா வெளியேத்த ஒண்ணும் இருக்காது” என்றார். நானும் நம்பினேன். இயற்பியல் படித்துக்கொண்டிருந்த பெண் நான்.

ஏன் நம்பினேன் என்று பிறகு யோசித்தேன். புதிதாக எதையும் அவர் சொல்லவில்லை. மாதவிடாய் அசுத்தம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்ததுதான். மூலையில் உட்காரவைத்த பழைய தீட்டு, ‘நச்சு நீக்கம்’ என்ற புதிய பெயரோடு வந்தபோது அறிவியல்போல் ஒலித்தது.

உண்மையில் நடந்தது வேறு. உடம்புக்குத் தேவையான சக்தி தொடர்ந்து குறைந்தால், மூளையின் ஹைப்போதலாமஸ் கருப்பைக்கும் சினைப்பைக்குமான வேலையைத் தள்ளிவைக்கிறது. கருமுட்டை முதிர்வதில்லை, மாதவிடாய் நிற்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைவதால் நாளடைவில் எலும்பும் பலமிழக்கிறது. ஜெர்மனியின் கீஸன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நீண்டகாலமாகப் பச்சை உணவு உண்ணும் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களிடம் செய்த ஆய்வை 1999இல் வெளியிட்டார்கள். அதில் 45 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறத்தாழ 30 சதவீதத்தினருக்கு மாதவிடாய் ஓரளவோ முழுவதுமோ நின்றுபோயிருந்தது. உணவில் பச்சையின் பங்கு கூடக்கூட இது அதிகம் காணப்பட்டது. எடை இயல்பைவிடக் குறைந்தவர்களும் ஆண்களைவிடப் பெண்களில்தான் அதிகம்.

காரணம் எளிது. வேகும்போது மாவுச்சத்து குழைந்து செரிமானத்துக்கு இணங்குகிறது, புரதமும் இளகுகிறது. அதே அளவு உணவிலிருந்து உடம்பு கூடுதல் சக்தியை எடுத்துக்கொள்கிறது. மனித இனம் உருவானதிலேயே சமையலுக்குப் பங்கு உண்டு என்று 2009இல் வெளிவந்த நூலில் வாதிட்ட மானிடவியலாளர் ரிச்சர்ட் ராங்கம், இந்தக் கீஸன் ஆய்வையும் சான்றாகக் காட்டுகிறார். பெண்ணை ஆணின் சமையல்காரியாகக் கட்டிப்போட்டதிலும் அதே நெருப்புக்குப் பங்கு உண்டு என்பதையும் அவர் மறைப்பதில்லை.

இதைச் சொல்வதால் காயும் பழமும் வேண்டாம் என்பதல்ல. நம் தட்டில் அவை குறைவு என்பதும், எண்ணெயும் உப்பும் சர்க்கரையும் கூடுதல் என்பதும் உண்மை. முளைகட்டுவதால் பயறில் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளத் தடையாக இருக்கும் ஃபைட்டேட் குறைகிறது. எலுமிச்சை பிழிந்தால் இன்னும் நல்லது. ஆனால் முளைகட்டும் ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிகளுக்கும் பிடித்தவை. அதனால்தான் கர்ப்பிணிகள் முளைப்பயறை வேகவைத்தே சாப்பிட வேண்டும் என்கிறார்கள். ராஜ்மாவும் மரவள்ளியும் பச்சையாக இருக்கையில் நஞ்சு. பாலையும் விலக்கிய பச்சை உணவில் பி12 கிடையாது. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. ஆண்களில் 25 சதவீதம். ஏற்கெனவே கடைசியாக உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிடுகிறவளிடம், இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடு, அதுதான் ஆரோக்கியம் என்று சொல்லும்போது, யாருடைய உடம்பை நினைத்துச் சொல்கிறோம் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

காந்தியிடமே திரும்புவோம். ‘சத்திய சோதனை’யில் கஸ்தூரிபாயின் ரத்தப்போக்கு பற்றிய அத்தியாயம் ஒன்று உண்டு. உப்பையும் பருப்பையும் விடும்படி காந்தி சொல்கிறார். உங்களிடம் சொன்னால் நீங்களே விடமாட்டீர்கள் என்கிறார் கஸ்தூரிபாய். உடனே, நீ விட்டாலும் விடாவிட்டாலும் நான் ஓராண்டு விட்டேன் என்று காந்தி விரதம் பூணுகிறார். கஸ்தூரிபாய் பதறி, நான் விட்டுவிடுகிறேன், உங்கள் விரதத்தைத் திரும்பப் பெறுங்கள் என்று அழுகிறார். அவர் பெறவில்லை. கஸ்தூரிபாய்க்குக் குணமானது என்று எழுதுகிறார்; தன் வாழ்வின் இனிய நினைவுகளில் ஒன்றாகவே அதைக் குறிப்பிடுகிறார். அன்பில்லாமல் எழுதப்பட்ட பக்கமல்ல அது. ஆனாலும் நோய் அவளுடையது, நாக்கு அவளுடையது, முடிவு மட்டும் வேறொருவருடையது. கணவனின் தியாகத்துக்கு முன்னால் மனைவியின் மறுப்புக்கு இடமில்லாமல் போகிறது. நம் வீடுகளில் உணவுமுறை மாறும் விதமும் பெரும்பாலும் இதுதான். ஒருவர் விரதம் எடுப்பார், இன்னொருவர் அதை நடத்திக்கொடுப்பார்.

ஒன்றில் காந்தியின் நேர்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். 1929இன் சோதனை சில மாதங்களுக்குமேல் நிலைக்கவில்லை. வயிற்றுக்கடுப்பில் தளர்ந்து ஆட்டுப்பாலுக்குத் திரும்பினார், அந்தத் தோல்வியையும் பத்திரிகையில் எழுதினார். இன்றைய இயற்கை உணவு எழுத்தில் அரிதாகவே காணக்கூடிய குணம் அது. உடம்பு ஒத்துக்கொள்ளாவிட்டால் இங்கே குற்றம் உணவுமேல் வராது. “நீ சரியாகக் கடைப்பிடிக்கவில்லை” என்று சாப்பிட்டவள்மேல்தான் வரும்.

சமையலறையிலிருந்து விடுதலை பற்றி யோசித்த பெண்கள் வேறு பாதையையும் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்கப் பெண்ணியவாதி சார்லட் பெர்கின்ஸ் கில்மன் 1898இல் எழுதிய நூலில், சமையலறை இல்லாத வீடுகளை முன்வைத்தார். சமையல் ஒழிய வேண்டும் என்பதல்ல அவர் வாதம். அது வீட்டைவிட்டு வெளியேறி, பயிற்சியும் கூலியும் உள்ள தொழிலாக வேண்டும் என்பது. நமக்கு இது அந்நியமல்ல. 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவும், 2013இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகமும் நெருப்பை அணைக்கவில்லை, இடம் மாற்றின. ஒரு குழந்தைக்குப் பள்ளியில் சோறு கிடைக்கும்போது ஒரு தாயின் மதிய நேரம் கொஞ்சம் இளைப்பாறுகிறது. அங்கே சமைப்பவரும் பெண்தான், ஊதியமும் போதாது என்பது அடுத்த போராட்டம். ஆனால் அங்கே அரைத்தவருக்குப் பெயர் உண்டு, கூலி உண்டு, கேட்க உரிமை உண்டு.

ஆகவே அடுத்தமுறை ஓர் உணவுமுறைப் புத்தகத்தை எடுத்தால், பொருள்களின் பட்டியலை விட்டுவிட்டு வினைச்சொற்களை மட்டும் படியுங்கள். துருவிய, நறுக்கிய, ஊறிய, முளைத்த. ஒவ்வொன்றின் முன்னாலும் ஓர் எழுவாயை வைத்துப் பாருங்கள். அந்த இடத்தில் உங்கள் பெயர் மட்டுமே வருகிறதென்றால் அது உங்களுக்கான உணவுமுறையா என்று யோசியுங்கள்.

எங்கள் வீட்டில் அந்த எழுவாய் ஒருமுறை மாறியது. அம்மாவுக்கு மணிக்கட்டு சுளுக்கி, கை அசைக்கக்கூடாது என்று கட்டுப்போட்டிருந்தார்கள். வீட்டாருக்கு மெஸ் சாப்பாடு. அப்பா தானே அருகம்புல் கிள்ளினார், தானே தேங்காய் துருவினார். விரலைக் கிழித்துக்கொண்டார். மூன்று நாள் செய்தார். நாலாம் நாள் மதியம் மெஸ் தூக்குவாளியைத் திறந்து பார்த்து, “ரசம் இருக்கா?” என்று கேட்டார்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கட்டுப்போடாத கையால் அவருக்கும் ஒரு தட்டை எடுத்து வைத்தாள்.