இழுக்க இழுக்க ஏறும் விசை

உடற்பயிற்சிக் கருவிகளுள் மிகக் குறைந்த இடத்தை அடைப்பதும், எனினும் மிக நுட்பமாக இயங்குவதும் ரெசிஸ்டன்ஸ் பேண்டு எனப்படும் மீள்விசைப் பட்டையே எனலாம். பெரும்பாலும் ரப்பர் பாலிலிருந்து செய்யப்படும் இம்மெல்லிய பட்டை, இரும்பு எடையைப் போலப் புவியீர்ப்பை நம்பியிராமல், தன் நீட்சியையே, அதாவது இயல்பு நீளத்திற்கு மேல் இழுபடும் அளவையே எதிர்விசையாக மாற்றுவதால், எத்திசையில் கட்டி இழுத்தாலும் தசைக்கு வேலை தருகிறது.

அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்து ஏக்ரன் நகரில் உருவாகி, இயன்முறை மருத்துவர்களிடையே பரவிய தெராபேண்டு என்னும் வணிகக்குறி, பட்டையின் வண்ணத்தையே அதன் வலிமைக்கு அடையாளமாக்கியது. இயல்பு நீளத்தின் இரு மடங்கிற்கு இழுக்கையில் மஞ்சள் பட்டை ஏறத்தாழ 1.3 கிலோ எடைக்கு நிகரான விசையையும், கறுப்புப் பட்டை ஏறத்தாழ 3.3 கிலோவுக்கு நிகரானதையும் கேட்கின்றன. வண்ண வரிசையைவிட அழகான ஏற்பாடு பிடிக்கும் முறையில் உள்ளது: ஒரே பட்டையைச் சற்றுக் குறுக்கிப் பிடித்தால், அதே கையசைவு குறுகிய நீளத்தின்மீது விழுந்து நீட்சி விகிதத்தை உயர்த்த, திருகோ கூடுதல் எடை வில்லையோ இன்றி விசை கூடிவிடுகிறது.

நீட்சிக்கேற்ப விசை ஏறுவதால் தொடக்கத்தில் இளகியும் முடிவில் இறுகியும் நிற்கும் பட்டையின் இவ்வியல்பு, அசைவின் முதற்பகுதியில் தசையைச் சும்மா விட்டுவிடுகிறது என்பது நியாயமான குறையே. வெயிலும், காற்றில் கலந்துள்ள ஓசோன் வாயுவும் ரப்பரில் நுண்கீறல்களை உண்டாக்குவதால், ஒவ்வொரு முறையும் விளிம்பைத் தடவிப் பார்த்தே இழுக்க வேண்டும். ரப்பர் பால் ஒவ்வாதோருக்குச் செயற்கை ரப்பரில் செய்த பட்டைகளும் கிடைக்கின்றன.