கிங்கின் ஆய்வேடும் நம் அடிக்குறிப்புகளும்

மார்ட்டின் லூதர் கிங் 1955-ஆம் ஆண்டில் போஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஒழுங்குமுறை இறையியலில் முனைவர் பட்டம் பெற்றார். அவருடைய ஆய்வேடு பால் டில்லிக், ஹென்றி நெல்சன் வீமன் ஆகியோரின் கடவுட்கோட்பாடுகளை ஒப்பிடுவது. ஸ்டான்ஃபோர்டில் கிங்கின் எழுத்துகளைப் பதிப்பித்துவந்த கிளேபோர்ன் கார்சன் குழுவினர் அதில் கண்ட குறை 1990-இல் வெளியாயிற்று. பிறர் எழுதிய பகுதிகள், சிறப்பாக ஜாக் பூஸர் 1952-இல் அதே பல்கலைக்கழகத்தில் டில்லிக்கைப் பற்றி எழுதிய ஆய்வேட்டின் பகுதிகள், மேற்கோள் குறியின்றி அதில் இடம்பெற்றிருந்தன.

பூஸரின் பெயரைக் கிங் மறைத்தார் என்பதற்கில்லை. முன்னுரையில் அவரைக் குறிப்பிடுகிறார், பெறுவதை அடிக்குறிப்பில் காட்டுவதாக வாக்களிக்கிறார், நூற்பட்டியலிலும் சேர்க்கிறார். நம் மாணாக்கர் நின்று கவனிக்கவேண்டிய இடம் இதுவே. பட்டியலில் பெயரைச் சேர்த்தால் கடன் தீர்ந்தது என எண்ணுவோர் நம்மிடையே பலர். எந்த வரி பூஸருடையது, எந்த வரி கிங்குடையது என வாசகர் பிரித்தறிய இயலாதபோது அப்பட்டியலால் பயன் என்ன? டில்லிக்கைப் பற்றிய பகுதியில் இதன் கேடு மிகுதி. அடிக்குறிப்பு டில்லிக்கின் நூலைச் சுட்டுகிறது. அதற்குப் பொருள் கூறும் குரலோ பூஸருடையது. இருவர் தனித்தனியே படித்து ஒரே விளக்கத்தை அடைந்தனர் என வாசகர் நம்புவார். ஒரு சான்று இரண்டாகத் தோன்றும்.

பேதுருவின் இரண்டாம் நிருபம் யூதாவின் நிருபத்தைப் பெயர் கூறாமலே எடுத்தாள்கிறதே என்று ஒரு மாணவர் என்னிடம் வாதாடியதுண்டு. (அக்கருத்தை எந்த விளக்கவுரையில் கண்டார் என்பதை அவரும் கூறவில்லை!) நிருபங்களை எழுதியோர் பட்டம் நாடி எழுதவில்லை.

கடவுள் ஆள்தன்மையுடையவர் என்னும் நிலையில் நின்று கிங் இருவரையும் மறுக்கும் பகுதியைப் படிக்கையில் வருத்தம் மிகுகிறது. அந்நம்பிக்கை போஸ்டன் ஆசிரியர்களின் மரபே. ஆயினும் பின்னாளைய போராட்டத்தில் அவர் அதைப் பற்றி நின்றார். சொல்லத் தமக்கென ஒன்று இருந்தவருக்கு இரவல் வரிகள் எதற்கு?

1991-இல் பல்கலைக்கழகக் குழு குற்றத்தை உறுதிசெய்தது. ஆய்வேட்டின் பயனை மறுக்கவில்லை, பட்டத்தையும் பறிக்கவில்லை. நூலகப் பிரதியோடு ஒரு கடிதம் இணைக்கப்பட்டது. ஆசிரியராகிய நம்மைச் சுடும் செய்தி வேறொன்று. பூஸரின் ஆய்வேட்டை மதிப்பிட்ட பேராசிரியர் டிவுல்ஃபே கிங்கின் ஆய்வேட்டையும் மதிப்பிட்டார். இடையில் சென்றவை மூன்றே ஆண்டுகள்.