மடத்துப் பள்ளியில் யார் கூட்டுகிறார்கள்?

பாமாவின் 'கருக்கு' 1992-இல் வெளிவந்தது. அதைத் தலித் தன்வரலாறாகப் பாடம் நடத்துகிறோம். கல்வியைப் பற்றிய விமர்சனமாக வாசிப்பது குறைவு. ஓசூரிலிருந்து வாசிக்கும் எனக்கு அந்த முகம்தான் முக்கியமாகப் படுகிறது.

பாமா படித்தது கிறிஸ்தவப் பள்ளிகளில். படித்து முன்னேறினால் இழிவு நீங்கும் என்று அண்ணன் சொன்னதை நம்பி, வகுப்பில் முதலாவதாக வருகிறார், ஆசிரியை ஆகிறார். மடத்தை நிறுவிய பெண் ஏழைகளுக்காக உழைத்தவர் என்று படித்துவிட்டு, தானும் அப்படி உழைக்கவே வேலையை விட்டுக் கன்னியர் மடத்தில் சேர்கிறார். சில சபைகளில் தலித் பெண்களைச் சேர்ப்பதில்லை என்ற பேச்சு பயிற்சிக் காலத்திலேயே காதில் விழுகிறது. பிறகு அவரை அனுப்புவது வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு. முன்பு அவர் வேலை பார்த்த மடத்துப் பள்ளியிலோ, கூட்டுவதும் கக்கூஸ் கழுவுவதும் தலித்துகளின் வேலையாக இருந்தன. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் குறைவில்லாமல் வாழ்கிறார்கள். ஏழு ஆண்டுகளுக்குப் பின் வெளியேறுகிறார்.

அந்த மடத்தில் அதிகாரம் செய்தவர்களும் பெண்களே. ஒருவரையொருவர் 'சிஸ்டர்' என்று அழைத்ததால் சாதி கரைந்துவிடவில்லை. 'சேவை' என்ற சொல்லில் கொடுப்பவர் மேலே இருக்கிறார். வாங்குபவள் நன்றி சொல்ல வேண்டும், கணக்குக் கேட்கக் கூடாது. இதைச் சாதியோடு சேர்த்துக் காட்டும் அளவுக்கு, கீழ்ப்படிதல் பெண்களை எப்படிப் பழக்குகிறது என்பதைக் 'கருக்கு' விரித்துப் பேசவில்லை. பெண்களின் கதையை அவர் விரிவாக எடுத்தது 1994-இல் வந்த 'சங்கதி'யில்.

ஓசூர் அருகே அமையும் ஐபோன் ஆலையில் 60,000 பேர் வேலை செய்வார்கள், முதல் 6,000 பேர் ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிப் பழங்குடிப் பெண்கள் என்று 2022 நவம்பரில் ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் அறிவித்தார். ராஞ்சி 1845-லேயே மிஷனரிகள் வந்து சேர்ந்த ஊர். பள்ளிகள் அங்கே நிலத்தைப் பற்றியும் உரிமையைப் பற்றியும் பேசும் தலைமுறைகளை உருவாக்கியிருக்கின்றன. அதை மறுக்க முடியாது. ஆனால் 'ஏழைப் பெண்களுக்கு வாழ்வு கொடுக்கிறோம்' என்ற பேச்சு இன்று தொழிற்சாலைகளின் வாயிலும் வருகிறது. விடுதி, பேருந்து, சீருடை எல்லாம் கிடைக்கின்றன. சம்பளச் சீட்டைப் படித்துப் பார்த்து, ஏன் பிடித்தம் என்று கேட்கும் துணிவை அவளுக்கு எந்தப் பள்ளி கற்றுக்கொடுத்தது?

மடத்தை விட்ட பாமா வகுப்பறையை விடவில்லை, ஆசிரியையாகத் தொடர்ந்தார். ஆகவே அவருடைய சண்டை கல்வியோடு அல்ல. ஏழைகளுக்கென்று நடக்கும் எந்தப் பள்ளியிலும் நாம் கேட்க வேண்டியவற்றை அவர் கேட்டுவைத்திருக்கிறார்: இங்கே யார் படிக்கிறார்கள், யார் கூட்டுகிறார்கள், முடிவெடுக்கும் மேசையில் எவருடைய மகள் உட்கார்ந்திருக்கிறாள்?