அனுப்பி வைத்தவர்

பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு ஃபெரியில் வேலைக்குப் போய்வரும் நேரத்தில் உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திர’த்தை இரண்டாம் முறை வாசித்தேன். முதல் வாசிப்பில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைதான் நாயகர். இந்தமுறை மனசில் நின்றவர் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர்.

1876இல் பிள்ளை மறைந்தபின் உ.வே.சா.வை மடத்திலேயே இருக்கச் சொல்லி ஆதரித்தவர் தேசிகர். இதை நட்பு என்று சொல்லலாமா? கொடுப்பவர் ஒருவர், கைகட்டி நிற்பவர் ஒருவர். உ.வே.சா.வின் நடை முழுக்கப் பணிவு. ஒரு முணுமுணுப்பாவது இருந்திருக்காதா என்று எரிச்சல்கூட வந்தது.

விடை 1880இல் இருக்கிறது. கும்பகோணம் கல்லூரியில் தன் இடத்துக்கு இவரை அனுப்பும்படி தியாகராச செட்டியார் கேட்டபோது தேசிகருக்கு மனசு வரவில்லை. ஆனாலும் அனுப்பினார். மடத்தை நம்பியிருந்த 25 வயசுக்காரர் சொந்தச் சம்பளக்காரர் ஆனார். அங்கே அவர் கையிலெடுத்தது சமணக் காப்பியமான சீவக சிந்தாமணி. 1887இல் பதிப்பு வந்தது. அந்த வருஷங்களிலும் சைவ மடத்தோடு உறவு அறுந்துபோகவில்லை. 1888இல் தேசிகர் மறையும்வரை உ.வே.சா. வந்துபோய்க்கொண்டுதான் இருந்தார். பிழைப்புக்குத் தேவைப்படாத பிறகும் வந்தார் பாருங்கள், அதைத்தான் நான் நட்பு என்பேன்.

எனக்கும் ஒரு தமிழ் வாத்தியார் உண்டு. வீடு இரண்டு தெரு தள்ளித்தான். வேலை கிடைத்ததிலிருந்து ஒருமுறைகூடப் போகவில்லை.

இந்தப் புத்தகம் அவருடையது. திருப்பிக் கொடுக்கணும்.